ஜெர்மனிக்கு 'ஓ பேர்' (au pair) வேலைக்கு சம்மருக்கு மட்டும் போக முடியுமா? போயிட்டு வந்தவங்க சொல்லுங்க

கொள்ளிடக்கரை எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். எனக்கு 23 வயசு. திருச்சியில பி.எஸ்சி முடிச்சிட்டு ஒரு வருஷமா எங்க ஊர்ப் பக்கத்துல ஒரு ப்ளே ஸ்கூல்ல வேலை பாக்குறேன். சின்னப் பிள்ளைங்கன்னா எனக்கு உயிர். ஜெர்மன் மொழியோட முதல் நிலையான ஏ1 பரீட்சையை சென்னை கோத்தே இன்ஸ்டிட்யூட்ல எழுதிப் பாஸ் பண்ணிட்டேன்.

ஒரு கன்சல்டன்சியில விசாரிச்சப்ப, "மூணு மாசம் சம்மர் ஓ பேர் இருக்கு, ஜெர்மன்காரங்க வீட்டுல தங்கிப் பிள்ளைங்களைப் பாத்துக்கணும், சாப்பாடு, தங்குற இடம் எல்லாம் அவங்க பொறுப்பு, போனதுக்கு அப்புறம் அங்கேயே வேலை விசாவா மாத்திக்கலாம்"னு சொன்னாங்க. ரெண்டு லட்சம் கேக்குறாங்க, அதுல பாதி முன்பணம். அடுத்த வாரத்துக்குள்ள கட்டச் சொல்லி தினமும் போன் வருது.

அப்பா அதிகம் பேசமாட்டார். இதைச் சொன்னதும் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "ஒரு டம்ளர் கழுவ விடாம வளத்தேன். அங்க போயி இன்னொருத்தர் வீட்டுல பாத்திரம் தேய்க்கப் போறியா?" எனக்குப் பதில் சொல்லத் தெரியல. நிஜமாவே இது வீட்டு வேலைக்காரி வேலைதானா? எத்தனை மணி நேரம் வேலை இருக்கும்? அம்மாவுக்கு வேற பயம், தெரியாத வீட்டுல பொண்ணு தனியா எப்படி இருப்பாள்னு. பரீட்சை பாஸ் பண்ணிட்டேனே தவிர, நேர்ல ஒருத்தர் ஜெர்மன்ல பேசினா எனக்கு வாயே வராது. அதையும் சொல்லிடுறேன்.

தெரிஞ்சவங்க உண்மையைச் சொல்லுங்க, ப்ளீஸ்.

ஆஹன் மாணவன் எழுதியது:

சிஸ்டர், மத்ததெல்லாம் அப்புறம், அந்த முன்பணத்தை மட்டும் கட்டிடாதீங்க.

மூணு மாச சம்மர் ஓ பேர்ங்கிறது ஐரோப்பிய யூனியன் நாட்டுப் பசங்களுக்கு. அவங்களுக்கு விசாவே வேண்டாம், ஜூன்ல வந்துட்டு ஆகஸ்ட்ல ஊருக்குப் போயிடலாம். நமக்கு ஓ பேர் விசான்னா குறைஞ்சது 6 மாசம், அதிகபட்சம் 1 வருஷம். 27 வயசு நிரம்புறதுக்கு முன்னாடி விண்ணப்பிச்சிருக்கணும், ஏ1 அளவு ஜெர்மன் தெரிஞ்சிருக்கணும். உங்ககிட்ட அந்த ரெண்டும் இருக்கு. வாழ்நாள்ல ஒரு தடவைதான் ஜெர்மனியில ஓ பேரா இருக்க முடியும், அதனால அவசரப்பட்டுத் தப்பான வீட்டுக்குப் போய் அதை வீணாக்காதீங்க.

பணத்தைப் பத்தி. ஜெர்மன் சட்டப்படி அங்க இருக்கிற ஏஜென்சி ஓ பேர்கிட்ட வாங்கக்கூடிய கட்டணம் அதிகபட்சம் 150 யூரோ. விசா கட்டணம் 75 யூரோ. விமான டிக்கெட் பெரும்பாலும் நம்ம கைக்காசு. இதையெல்லாம் கூட்டினாலும் ரெண்டு லட்சம் எங்க வருது? ஏஜென்சி தேடுறதா இருந்தா ஓ பேருக்கான 'ரால்' தரமுத்திரை இருக்கான்னு பாருங்க. வேலை விசாவா தானா மாறிடும்ங்கிறதும் பொய். அவுஸ்பில்டுங், அதாவது சம்பளத்தோட கூடிய தொழிற்பயிற்சிக்கு ஒப்பந்தம் கிடைச்சா, இல்ல காலேஜ்ல இடம் கிடைச்சா, அதுக்குண்டான அனுமதிக்குத் தனியா விண்ணப்பிக்கணும்.

எனக்குத் தெரிஞ்சது இந்தச் சட்டப் பக்கம்தான். வீட்டுக்குள்ள எப்படி இருக்கும்னு இருந்தவங்கதான் சொல்லணும்.

ட்ரைசாம் கரையோரம் எழுதியது:

கொள்ளிடக்கரை, உங்க அப்பா கேட்ட அதே கேள்வியை எங்க அப்பாவும் கேட்டார். எங்களுக்குத் திருபுவனத்துல தறி. "நம்ம வீட்டுத் தறியில உக்காந்தா அது நம்ம வேலை. அங்க உக்காந்தா யாரு வேலை?"ன்னார். அன்னைக்கு என்கிட்டயும் பதில் இல்ல. இப்ப இருக்கு, அதனால கொஞ்சம் நீளமாவே எழுதுறேன்.

நான் இருந்தது ஃப்ரைபுர்க்ல, 2024 ஏப்ரல்ல இருந்து 2025 மார்ச் வரைக்கும். ஜெர்மனியோட தென்மேற்கு மூலை, கருங்காட்டு மலை ஊருக்குப் பின்னாடியே நிக்கும். வோபான்னு ஒரு பகுதி, மூணாம் நம்பர் ட்ராம் போற கடைசி. தெருவுக்குள்ள கார் ரொம்பக் குறைவு, நடுரோட்டுல பிள்ளைங்க சாக்பீஸால கட்டம் போட்டு விளையாடும். நான் தங்கின வீட்டுல அம்மா ஆஸ்பத்திரியில நர்ஸ், ஷிஃப்ட் வேலை. அப்பாவுக்கு ஆபீஸ். பையனுக்கு ஆறு வயசு, பொண்ணுக்கு மூணு. பேரெல்லாம் வேண்டாம், பெரியவன், சின்னவள்னே சொல்றேன்.

சட்டம் என்ன சொல்லுதுங்கிறதை முதல்ல சொல்லிடுறேன், ஏன்னா நான் இதைத் தெரிஞ்சுக்கிட்டுப் போகல. ஒரு நாளைக்கு 6 மணி நேரம், வாரத்துக்கு 30 மணி நேரம், அதுக்கு மேல இல்ல. வாரத்துல ஒன்றரை நாள் லீவு, நாலு சாயங்காலம் நம்மளோடது, மாசத்துல ஒரு ஞாயித்துக்கிழமையாவது முழுசா லீவா இருக்கணும். முழு மாசம் ஒவ்வொன்னுக்கும் ரெண்டு நாள் விடுமுறை சேரும். கைச்செலவுக்கு மாசம் 280 யூரோ, மொழி வகுப்புக்கு 70 யூரோ. இன்ஷூரன்ஸ் குடும்பத்தோட செலவு. வீட்டுக்குள்ளேயே ஜன்னலோட தனி அறை, குறைஞ்சது 8 சதுர மீட்டர். செய்யவேண்டியது பிள்ளைங்களைப் பாத்துக்கிறது, கூட அவங்க துணியைத் துவைக்கிறது, லேசான சமையல், மேலோட்டமான வீட்டு வேலை. வயசானவங்களுக்கோ நோயாளிக்கோ பணிவிடை செய்றது ஓ பேர் வேலை கிடையாது. 280 யூரோவுல வீட்டுக்குப் பணம் அனுப்பலாம்னு கணக்குப் போட்டுட்டுப் போகாதீங்க. நான் ட்ரெயின் பாஸுக்கு 49 யூரோ கொடுத்தேன், அப்புறம் போன், எப்பவாவது ஒரு காபி. மிஞ்சினது குளிருக்குப் பூட்ஸ் வாங்கச் சரியாப் போச்சு.

என் அறை மேல் மாடியில, கூரை சாய்ஞ்சு இறங்குற இடம். படுத்தா முகத்துக்கு நேரா ஜன்னல். ஜூன்ல ராத்திரி ஒன்பதரைக்கும் வெளிச்சம் போகாது. அந்த மாசம் முதல் வாரம் எனக்குத் தூக்கமே வரல, சாயங்காலம் முடியவே முடியாத ஒரு ஊர்ல மாட்டிக்கிட்ட மாதிரி இருந்துச்சு.

காலையில ஆறரைக்கு எழுந்து ரெண்டு பேருக்கும் தின்பண்ட டப்பா கட்டணும். வெண்ணெய் தடவின ரொட்டி, வெள்ளரிக்காய், ஆப்பிள் துண்டு. அப்புறம் சைக்கிள்ல பின்னாடி ஒரு குட்டி வண்டியைக் கோத்து, அதுல ரெண்டு பேரையும் உக்கார வெச்சு கிட்டாவுக்குக் கூட்டிட்டுப் போவேன். கிட்டான்னா நம்ம பால்வாடி மாதிரி, ஆனா மழை பெஞ்சாலும் பிள்ளைங்களை வெளிய விடுவாங்க. ரப்பர் கால்சட்டை, ரப்பர் பூட்ஸ் போட்டு சேத்துல உக்காந்திருக்கும். அதுக்கப்புறம் ஒரு மணி வரைக்கும் எனக்கு மொழி வகுப்பு. ரெண்டரைக்குப் போய் அழைச்சிட்டு வரணும். வாசல்ல ஷூவைக் கழட்டிக் கவுத்தா ஒரு கைப்பிடி மணல் கொட்டும், தினமும். ஆறு மணிக்கு ஆபன்ட்ப்ரோட், ராத்திரிச் சாப்பாடு. பேரே சாயங்கால ரொட்டின்னுதான். அடுப்பே எரியாது. ரொட்டி, சீஸ், ஊறுகாய் போட்ட வெள்ளரி. எனக்கு ராத்திரி சூடா ரெண்டு வாய் சோறு இல்லாம வயிறு ஒத்துக்கல. அதைச் சொல்றதுக்கு ஒரு மாசம் ஆச்சு எனக்கு. சொன்ன அன்னைக்கே அந்தம்மா அலமாரியில ஒரு தட்டைக் காலி பண்ணி, "இது உன்னோடது, என்ன வேணும்னாலும் வாங்கி வெச்சுக்கோ"ன்னாங்க.

உங்களுக்கு வாய் வராதுன்னு சொன்னீங்களே, அதுக்குப் பிள்ளைங்கதான் மருந்து. பெரியவன் எனக்கு மேஜை போடக் கத்துக்கொடுத்தான். கத்தியைக் கையில எடுத்து "தாஸ் மெஸ்ஸர்", முள்கரண்டியைக் காட்டி "டீ காபல்", ஸ்பூனைக் காட்டி "டேர் லொஃபல்". கத்தி நடுப்பால், முள்கரண்டி பொண்ணு, ஸ்பூன் ஆம்பளை. நமக்கு உயிர் இல்லாததெல்லாம் அஃறிணைன்னு முடிஞ்சுபோச்சு, அவங்களுக்குத் தட்டுப் பக்கத்துல ஒரு குடும்பமே இருக்கு. நான் மாத்திச் சொன்னா அவன் சிரிக்கமாட்டான். அந்தக் கரண்டியைத் திரும்ப என் கையில வெச்சு, நான் சரியாச் சொல்ற வரைக்கும் காத்துட்டிருப்பான். வகுப்பு டீச்சருக்கும் அவ்வளவு பொறுமை இல்ல.

இப்ப நான் முக்கியமா சொல்லவந்த விஷயம்.

எனக்கு நீச்சல் தெரியாது. வீடியோ கால்ல குடும்பம் பேசினப்ப "நீந்துவியா?"ன்னு கேட்டாங்க. "கொஞ்சம்"னு சொன்னேன். இல்லைன்னு சொன்னா வேண்டாம்னுடுவாங்களோன்னு பயம். நம்ம பழக்கம் அப்படி. ஒன்னு தெரியாதுன்னாலும் தெரியும்ங்கிறது, கஷ்டமா இருந்தாலும் பரவாயில்லங்கிறது. அதை மரியாதைன்னு நினைச்சு வளந்தவ நான்.

ஜூன் கடைசியில வெயில் கொளுத்துச்சு. அங்க வெயில் அடிச்சா ஊரே ஃப்ரைபாட்டுக்குப் போயிடும், திறந்தவெளி நீச்சல் குளம். ஒரு மத்தியானம் அந்தம்மாவுக்குத் திடீர்னு ஷிஃப்ட் மாறிடுச்சு, "நீ ரெண்டு பேரையும் கூட்டிட்டுப் போறியா?"ன்னாங்க. சரின்னேன். சின்னவளுக்குக் கையில காத்தடிச்ச பட்டை ரெண்டு போடணும், அது இருந்தா முழுகமாட்டாள். சன் க்ரீம் தேய்க்கிறதுக்காக அந்தப் பட்டையைக் கழட்டினேன். ஒரு கையில க்ரீம், ஒரு கை அவ தோள்ல. பெரியவன் தண்ணிக்குள்ள இருந்து என்னைக் கூப்பிட்டான். நான் திரும்பினேன். க்ரீம் தடவின தோள், வழுக்கிட்டு ஓடிட்டாள்.

நீச்சல் தெரியாதவங்களுக்கான குளம்தான். எனக்கு இடுப்பு அளவுதான் தண்ணி. அவளுக்குத் தலைக்கு மேல. தலைமுடி மட்டும் தண்ணிக்கு மேல பாசி மாதிரி விரிஞ்சு கிடந்ததைப் பாத்தேன். என் காலு நகரல. கணுக்கால் தண்ணியிலேயே நின்னுட்டேன். பக்கத்துல ஒரு வயசான அம்மா, ஒரே எட்டுல போய் அவளை இடுப்பைப் பிடிச்சுத் தூக்கிட்டாங்க. ரெண்டு, மூணு செகண்டுதான் இருக்கும். இருமினாள், அழுதாள், அஞ்சு நிமிஷத்துல ஐஸ் கேட்டாள். குளத்தைக் கண்காணிக்கிறவர் வந்து என்னைப் பாத்து, "உங்களுக்கு நீந்தத் தெரியுமா?"ன்னு கேட்டார். அப்பவும் நான் "யா"ன்னேன்.

வீட்டுக்கு வர்ற வழியெல்லாம் அந்த "யா" என் தொண்டையில நின்னுச்சு. ராத்திரி பிள்ளைங்க தூங்கினதுக்கு அப்புறம், அந்தம்மா ஷிஃப்ட் முடிச்சு வந்து சமையலறையில தண்ணி குடிச்சிட்டிருந்தாங்க. எனக்குத் தெரிஞ்ச உடைஞ்ச ஜெர்மன்ல எல்லாத்தையும் சொன்னேன். நாளைக்கே டிக்கெட் எடுத்து அனுப்பிடுவாங்கன்னுதான் நினைச்சேன். அவங்க ரொம்ப நேரம் பேசல. அப்புறம் ஒன்னு சொன்னாங்க: "நீந்தத் தெரியாதது தப்பில்ல. நீ சொல்லியிருந்தா நான் அனுப்பியே இருக்கமாட்டேன். நீ பரவாயில்லன்னு சொன்னா நான் பரவாயில்லன்னுதான் எடுத்துக்குவேன். எனக்கு வேற எப்படித் தெரியும்?" அவங்க கை நடுங்குச்சு. என்னோடதும்தான். அன்னைக்கு ராத்திரி அவங்க சின்னவ அறைக்குப் போய்ப் பாத்துட்டு வந்து, திரும்பவும் போய்ப் பாத்தாங்க. அது எனக்கு இன்னும் கண்ணுக்குள்ள நிக்குது.

அதுக்கப்புறம் நான் தனியா அவங்களைத் தண்ணிப் பக்கம் கூட்டிட்டுப் போகல. ஃப்ரைபுர்க்ல லோரெட்டோபாட்னு ஒரு பழைய குளம், அங்க பெண்களுக்கு மட்டும் தனிப் பகுதி இருக்கு. வேலிக்கு உள்ள பாட்டிங்க, மாணவிங்க, கைக்குழந்தையோட வந்தவங்க, யாரும் யாரையும் பாக்குறதில்ல. என் வகுப்புல ஜார்ஜியா நாட்டுல இருந்து வந்த இன்னொரு ஓ பேர் இருந்தாள், லீவு நாள்ல அவதான் எனக்கு அங்க நீந்தக் கத்துக்கொடுத்தாள். என் வயித்துக்கு அடியில அவ ரெண்டு கையையும் வெச்சுத் தாங்கி, எனக்குத் தெரியாம மெல்ல எடுத்துடுவாள். ஜூலையில பெரியவன் நீச்சல் தேர்வு எழுதினான். ஸேஃபெர்ட்ஷென்னு பேரு, கடல்குதிரை. கரையில இருந்து குதிச்சு 25 மீட்டர் நீந்தணும், தோளளவு தண்ணியில அடியில கிடக்கிற ஒரு பொருளை எடுக்கணும். பாஸானா கடல்குதிரை போட்ட துணி பேட்ஜ் ஒன்னு தருவாங்க. அதை அவன் கால்சட்டையில நான்தான் தைச்சேன். தறிக்காரர் பொண்ணு தையல், பிரியாதுன்னு அவன்கிட்ட சொன்னேன். செப்டம்பர்ல குளம் மூடுறதுக்குள்ள நானும் மூச்சு வாங்க வாங்க அந்த 25 மீட்டரைக் கடந்துட்டேன்.

அந்த ராத்திரி ஒரு தடவை வாயைத் திறந்ததாலதான் அடுத்த தடவையும் திறக்க முடிஞ்சுது. ஆகஸ்ட்ல கிட்டாவை மூணு வாரம் மூடிட்டாங்க, அங்க வருஷா வருஷம் கோடையில அப்படி மூடுறது வழக்கம். பிள்ளைங்க நாள் முழுக்க வீட்டுல. நான் ஒரு நோட்டுல எத்தனை மணிக்கு ஆரம்பிச்சேன், எத்தனை மணிக்கு முடிச்சேன்னு எழுதிட்டு வந்தேன். ஒரு வாரம் 42 மணி நேரம் வந்துச்சு. பழைய நானா இருந்தா மனசுக்குள்ள வெச்சுப் புழுங்கி, ராத்திரி அம்மாகிட்ட போன்ல அழுதிருப்பேன். நோட்டை எடுத்துட்டுப் போய் ஞாயித்துக்கிழமை மேஜையில வெச்சேன். அவங்க ரெண்டு பேரும் சேந்து கூட்டிப் பாத்தாங்க, முகம் சிவந்துடுச்சு, அவங்களே கணக்குப் பண்ணாம விட்டுட்டாங்க. 30-க்கு மேல அதிகமாப் போன 12 மணி நேரத்துக்கு ரெண்டு வெள்ளிக்கிழமை லீவு கொடுத்தாங்க. அதுல ஒரு நாள் அந்த ஜார்ஜியாக்காரியும் நானும் மலை ரயில் ஏறி டிட்டிஸே ஏரிக்குப் போனோம்.

எல்லா வீடும் இப்படி இருக்காது, அது எனக்குத் தெரியும். என் வகுப்புல இன்னொரு பொண்ணு நோட்டைக் காட்டினப்ப, "இங்க கணக்குப் பாக்குறவங்க குடும்பம் இல்ல"ன்னு சொல்லிட்டாங்களாம். அவ வேற வீடு பாத்துப் போயிட்டாள்.

இன்னும் ஒன்னே ஒன்னு சொல்லி முடிச்சிடுறேன். அந்த வருஷம் ஐரோப்பியக் கால்பந்துப் போட்டி ஜெர்மனியிலேயே நடந்துச்சு. ஜூலை 5, கால் இறுதி, ஸ்பெயினோட ஆட்டம், ஸ்டுட்கார்ட்ல. எங்க தெருவுல ஒருத்தர் டிவியை முற்றத்துல தூக்கி வெச்சுட்டார். பெரியவன் கன்னத்துல கறுப்பு, சிவப்பு, மஞ்சள்னு மூணு கோடு நான்தான் வரைஞ்சு விட்டேன். 89-வது நிமிஷத்துல ஜெர்மனியோட விர்ட்ஸ் கோல் போட்டு சமன் ஆனப்ப பெரியவன் என் கழுத்தைக் கட்டிட்டுத் தொங்கினான். கூடுதல் நேரத்துல, இன்னும் ஒரு நிமிஷம்தான் பாக்கி, 119-வது நிமிஷம், ஸ்பெயின்காரர் மெரினோ தலையால முட்டி உள்ள போட்டுட்டார். முற்றமே அப்படியே அடங்கிடுச்சு. அவனோட அம்மா, அப்பா ரெண்டு பேரும் பக்கத்து நாற்காலியிலதான் இருந்தாங்க. அவன் என் மடியில வந்து முகத்தைப் புதைச்சு அழுதான். என் வெள்ளைச் சட்டையில மூணு கலரும் ஒட்டிக்கிச்சு. துவைச்சும் மஞ்சள் போகல, அந்தச் சட்டை இன்னும் என்கிட்ட இருக்கு.

எங்க அப்பா கேள்விக்கு நான் சொன்ன பதில் இது. ஓ பேர்ங்கிறது பிரெஞ்சு வார்த்தை, சமமா இருக்கிறதுன்னு அர்த்தம். நான் அங்க பாத்திரம் கழுவினேன், ஆமா. பக்கத்துல நின்னு அந்த வீட்டு அப்பா துடைச்சு வெச்சார், தினமும். அதைப் போன்ல வீடியோ போட்டுக் காட்டினேன். அப்பா அதுக்கப்புறம் கேக்கல.

இப்ப ஜெர்மன்ல மூணாவது நிலையான பி1 முடிச்சு, முதியோர் இல்லத்துல ஒரு வருஷத் தன்னார்வச் சேவையில இருக்கேன். அடுத்து நர்ஸிங் அவுஸ்பில்டுங், மூணு வருஷம்.

டோர்ட்முண்ட் அக்கா எழுதியது:

தங்கச்சி, நான் 89ம் ஆண்டு யாழ்ப்பாணத்தில இருந்து இங்க வந்தனான். என்ர பிள்ளையள் இங்கதான் பிறந்து வளந்தவை. மேல அந்தப் பிள்ளை எழுதினதை வாசிச்சுப்போட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தனான். உண்மையைச் சொல்லுறதுக்கு நெஞ்சு வேணும்.

நான் சொல்ல வந்தது வேற. "ஜெர்மனியில தமிழ்க் குடும்பம் இருக்கு, அங்க நிண்டா பயமில்லை, சாப்பாடும் எங்கட சாப்பாடு" எண்டு ஆரும் உங்களுக்கு ஆசை காட்டினால் நம்பாதேங்கோ. ஓ பேர் நிக்கிற வீட்டில ஜெர்மன் தாய்மொழியா இருக்கவேணும். வீட்டில கதைக்கிற பாஷையா மட்டும் இருந்தால், அந்தத் தாய் தேப்பனின்ர நாட்டில இருந்து வாற பிள்ளையை எடுக்கேலாது. சொந்தக்காரரும் எடுக்கேலாது. பாஷையும் பழக்கமும் படிக்கத்தான் இந்த ஏற்பாடே. எனக்குத் தெரிஞ்ச ஒரு இடத்தில, படுக்கையில கிடந்த கிழவியைப் பாக்கிறதுக்கு இந்தியாவில இருந்து ஒரு பிள்ளையை ஓ பேர் எண்டு கூப்பிடலாமோ எண்டு கேட்டவை. அது சட்டத்துக்கு மாறு, அந்தப் பிள்ளைக்குத்தான் கடைசியில கரைச்சல் எண்டு சொல்லி நான் மறிச்சுப்போட்டன்.

வந்து இறங்கினவுடன நகரசபையில விலாசம் பதியவேணும், அன்மெல்டுங் எண்டு சொல்லுறது. ரெண்டு கிழமைக்குள்ள செய்யவேணும். வீட்டுக்காரர் கூட்டிக்கொண்டு போவினம், போகாட்டி நீங்களே கேளுங்கோ. ஞாயிற்றுக்கிழமை கடை பூட்டு, சத்தமும் போடக்கூடாது. காட்டுப் பக்கம் பிள்ளையளோட போயிட்டு வந்தால் கால், கமக்கட்டு, காதுக்குப் பின்பக்கம் எல்லாம் உண்ணி ஏறியிருக்கோ எண்டு பாருங்கோ, தெற்குப் பக்கம் அது மூளைக்காய்ச்சலைப் பரப்பும், அதுக்குத் தடுப்பூசி இருக்கு.

அம்மாவிட்டச் சொல்லுங்கோ, தனிய எண்டு யோசிக்க வேண்டாம். ஹம் எண்ட ஊரில காமாட்சி அம்மன் கோயில் இருக்கு, 2002ல குடமுழுக்குச் செய்தது, பெரிய ராஜகோபுரத்தோட நிக்குது. கோடையில தேர் வரேக்க ஜெர்மனி முழுக்க இருந்து எங்கட சனம் வரும். ஒருக்கா வாங்கோ, நான் சோறு கட்டிக்கொண்டு வாறன்.

கோவை டு ஹனோவர் எழுதியது:

பசங்களும் ஓ பேரா போகலாம்னு நிறையப் பேருக்குத் தெரியாது, நான் போனேன். எனக்கு முதல் வீடு சரியா அமையலைங்க. பிள்ளையைப் பாக்குறதை விட வேலி பெயின்ட் அடிக்கிறது, அவங்க மாமனார் வீட்டுத் தோட்டத்துல புல்லு வெட்டுறதுதான் அதிகமா இருந்துச்சு. ரெண்டு மாசம் பொறுத்தேன். ஒப்பந்தத்தை ரெண்டு பக்கத்துல யாரு வேணும்னாலும் ரெண்டு வார நோட்டீஸ்ல முடிச்சுக்கலாம்னு அப்புறம்தான் படிச்சேன். ஏஜென்சிக்குச் சொன்னேன், அவங்க இன்னொரு வீடு பாத்துக் கொடுத்தாங்க, வெளிநாட்டவர் அலுவலகத்துலயும் தெரியப்படுத்தணும். வீடு மாறலாம், ஆனா மொத்தம் ஒரு வருஷத்தைத் தாண்டக்கூடாது.

ரெண்டாவது வீட்டுல ரெட்டைப் பசங்க. ஏழு மாசம், இன்னும் வாரம் ஒருக்கா போன் பண்றானுங்க.

உங்க பாஸ்போர்ட் எப்பவும் உங்க கையில இருக்கட்டும். பத்திரமா வெச்சிருக்கோம்னு கேட்டாலும் கொடுக்காதீங்க. போலீஸ் 110, ஆம்புலன்ஸ், தீயணைப்பு 112. ஏஜென்சி இல்லாம நேரடியா இன்டர்நெட்ல பிடிக்கிற வீடுன்னா, பிரச்சனை வந்தா நடுவுல பேச ஆள் இருக்காது, அதையும் யோசிச்சுக்கோங்க.

கொள்ளிடக்கரை எழுதியது:

எல்லாருக்கும் எப்படி நன்றி சொல்றதுன்னே தெரியல. கன்சல்டன்சிக்குப் போன் பண்ணி 150 யூரோ விஷயத்தைக் கேட்டேன். "அது அங்க இருக்கிற சட்டம், இங்க இல்ல"ன்னாங்க. மூணு மாச விசாவோட பேரு என்னன்னு கேட்டேன், மேனேஜர் கூப்பிடுவார்னு வெச்சுட்டாங்க. நான் வேண்டாம்னு முடிவு பண்ணிட்டேன். தரமுத்திரை இருக்கிற ஏஜென்சி ஒன்னுல நானே பதிவு பண்ணப் போறேன், அடுத்த ஏப்ரல்ல போற மாதிரி.

ட்ரைசாம் அக்கா, நீங்க எழுதினதை அப்பாவுக்கு வாசிச்சுக் காட்டினேன். குளத்துப் பகுதி வந்தப்ப எழுந்து வாசலுக்குப் போயிட்டார். திரும்பி வந்து, "மிச்சத்தையும் படி"ன்னார். கால்பந்து முடிஞ்சதும், "அந்தப் பையன் இப்ப எப்படி இருக்கான்?"னு கேக்கச் சொன்னார்.

ஒரு கேள்வி அக்கா. முதல் வீடியோ கால்ல நான் என்ன கேக்கணும்?

ட்ரைசாம் கரையோரம் எழுதியது:

அப்பாகிட்டச் சொல்லுங்க, பையன் ரெண்டாம் வகுப்புக்குப் போயிட்டான். முதல் நாள் பள்ளிக்கூடத்துக்கு அங்க பிள்ளைங்க உயரத்துல பாதிக்கு ஒரு காகிதக் கூம்பு கொடுத்து அனுப்புவாங்க, உள்ள மிட்டாய், பென்சில் எல்லாம் இருக்கும். அதுல மண் அள்ளுற வண்டி படம் ஒட்டினது நானும் அவனும்தான். அதை அலமாரி மேல இன்னும் வெச்சிருக்கான்.

கேக்கவேண்டியது: கிட்டா எந்த வாரம் மூடும், அப்ப யார் பாத்துப்பாங்க? இதுக்கு முன்னாடி இருந்த ஓ பேரோட நான் பேசலாமா? வார அட்டவணையை எழுதித் தருவீங்களா? பேசலாமான்னு கேட்டதுக்கு முகம் மாறினா, வேற வீடு பாருங்க. அதைவிட முக்கியம், உங்களுக்கு என்ன தெரியாதோ அதை நீங்க முதல்ல சொல்லிடுங்க. நீச்சல் தெரியலைன்னா "இஷ் கான் நிஷ்ட் ஷ்விம்மன்". கண்ணாடி முன்னாடி நின்னு பத்துத் தடவை சொல்லிப் பாருங்க.

கொள்ளிடக்கரை எழுதியது:

நீச்சல் எனக்குத் தெரியும் அக்கா, கொள்ளிடத்துல தாத்தா கத்துக்கொடுத்தார். சைக்கிள்தான் தெரியாது. அதுக்கு ஜெர்மன்ல எப்படிச் சொல்லணும்?

ட்ரைசாம் கரையோரம் எழுதியது:

"இஷ் கான் நிஷ்ட் ராட்ஃபாரன்." அப்படியே சொல்லுங்க. ஆனா ஏப்ரலுக்கு இன்னும் நாள் இருக்கு, வீட்டுல சைக்கிள் இருந்தா இன்னைக்குச் சாயங்காலமே அப்பாவைப் பின்னாடி பிடிச்சுக்கச் சொல்லி ஆரம்பிங்க. பின்னாடி பிள்ளைங்க வண்டியைக் கோத்தா இழுக்கக் கனமா இருக்கும், இப்பவே கால் பழகட்டும்.